அணியில்லாக் கெண்டியின் அணி

ஆறாம் படிவ மாணவர்க்கு அணியிலக்கணம் கற்பிக்கும்போது ஆண்டுதோறும் ஒரே இடத்தில் தடை எழுவதைக் கண்டிருக்கிறேன். உவமையணியைச் சொன்னால் மாணவர் உடனே புரிந்துகொள்வர். உருவகமும் எளிதில் விளங்கிவிடும். தண்டியலங்காரம் பொருளணிகள் முப்பத்தைந்தினுள் முதலில் வைத்திருக்கும் தன்மையணிக்கு வரும்போதுதான் முகங்கள் சுருங்கும். ஒரு பொருளின் இயல்பை உள்ளவாறே புலப்படுத்துவது தன்மையணி என்று விளக்கினால், "உள்ளதை உள்ளபடி சொல்வது எப்படி ஐயா அணியாகும்? அணி என்றால் கூடுதலாக எதையாவது சேர்ப்பதுதானே?" என்று ஒருவராவது கேட்பர்.

ஒருமுறை இக்கேள்விக்கு விடையாக நான் செய்யுள் எதையும் எடுத்துக்காட்டவில்லை. ஒரு சிறிய வெள்ளிக் கெண்டியின் நிழற்படத்தைக் காட்டினேன். வகுப்பில் சிறிது நேரம் அமைதி நிலவியது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "இதில் வேலைப்பாடே இல்லையே ஐயா. பூவுமில்லை, கொடியுமில்லை. இதைப்போய் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்களா?" என்றாள். தன்மையணியைப் பற்றிய ஐயமும் இக்கெண்டியைப் பற்றிய ஐயமும் ஒரே ஐயந்தான் என்பது அப்போது எனக்குத் தெளிவாயிற்று. அம்மாணவிக்கு அன்று நான் சொன்ன விடை அரைகுறையானது. அதனை முழுமையாக்கும் முயற்சியே இக்கட்டுரை.

கெண்டியும் அதன் உறுப்புகளும்

இக்கெண்டி 1924ஆம் ஆண்டு ஜெர்மனியின் வைமார் நகரில், பௌஹவுஸ் என்னும் கலைப்பள்ளியின் உலோகப் பட்டறையில் உருவானது. செய்தவர் மரியான் பிராண்ட் என்னும் பெண்மணி. அப்போது அவர் முப்பது வயதை எட்டியிருந்தார், பட்டறைக்குப் புதியவர். பட்டறையின் வரிசையில் எம்.டி. 49 என்னும் எண்ணால் இக்கெண்டி குறிக்கப்படுகிறது. தேயிலையின் செறிந்த சாற்றை இறக்குவதற்கென்றே அமைந்தது இது. இதிலிருந்து கோப்பையில் சிறிதளவு ஊற்றி, வேண்டிய அளவு வெந்நீர் சேர்த்துப் பருகுவர். ஆகவே கெண்டி மிகச் சிறியது. உயரம் ஏழு செண்டிமீட்டருக்குச் சற்று மேல், உள்ளங்கையில் அடங்கிவிடும்.

உடல் ஓர் அரைக்கோளம். வாயகன்ற கிண்ணம் ஒன்றின் மேற்பரப்பைத் தட்டையாக மூடினாற்போன்ற வடிவம். அக்கிண்ணம் தன் வளைந்த அடிப்பகுதியால் நேரே மேசைமேல் நிற்க இயலாது. எனவே குறுக்கும் நெடுக்குமாக ஒன்றையொன்று வெட்டும் இரண்டு பட்டைகள் அதனைத் தாங்குகின்றன. மூடி ஒரு சிறு வட்டம். அவ்வட்டம் மேற்பரப்பின் நடுவில் இல்லை. மூக்கை விட்டு விலகி ஒருபுறமாக அமைந்திருக்கிறது. சாய்த்து ஊற்றும்போது மூடியின் இடுக்கு வழியே சாறு கசியாதிருக்க இவ்வமைப்பு உதவும். மூடியின்மேல் கருங்காலியாலான மெல்லிய குமிழ். பின்புறத்தில் கருங்காலி மரத்திலேயே அறுத்தெடுத்த அரைவட்டக் கைப்பிடி, உடலுக்கு மேலே உயர்ந்து நிற்கிறது. உள்ளே வடிகட்டி.

இவ்வளவுதான் கெண்டி. அரைக்கோளம், வட்டம், அரைவட்டம், குறுக்குக்கோடு என்று நான்கு வடிவங்களால் அமைந்த பொருள் இது. எனினும் இவ்வடிவங்கள் தற்செயலாக ஓரிடத்தில் கூடியவை அல்ல. பக்கவாட்டில் நின்று நோக்கினால் உடலின் எல்லைக்கோடு ஓர் அரைவட்டம். கைப்பிடியும் ஓர் அரைவட்டம். முன்னது கீழ்நோக்கிக் கவிந்து கிடக்கிறது; பின்னது நிமிர்ந்து நிற்கிறது. ஓரடியின் முதற்சீரில் நின்ற எழுத்து அடுத்த அடியில் திரும்ப ஒலிப்பதுபோல் வடிவம் வடிவத்தை நினைவூட்டுகிறது. எதுகை என்பது காதுக்கு மட்டும் உரியதன்று போலும்! வெள்ளியின் வெண்மைக்குக் கருங்காலியின் கருமை முரண்தொடையாக நிற்கிறது.

அம்முரண் வெறும் கண்ணுக்கினிய ஏற்பாடு மட்டுமன்று. உலோகங்கள் அனைத்தினும் வெப்பத்தை மிக விரைவாகக் கடத்துவது வெள்ளி. வெள்ளியாலேயே கைப்பிடி அமைத்திருந்தால் விரல் சுட்டுவிடும். மரமோ வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே கண் எந்த இடத்தில் கருமையைக் காண்கிறதோ அந்த இடத்தைக் கை அச்சமின்றித் தொடலாம். எங்கே தொடலாம், எங்கே தொடலாகாது என்பதை நிறமே அறிவித்துவிடுகிறது. அழகும் பயனும் தனித்தனியே நில்லாமல் ஒன்றே மற்றொன்றாக நிற்கும் இந்நிலையைத்தான் தன்மையணி என்று நான் கொள்கிறேன். தன்மையணியில் புலவன் பொருளுக்குப் புறத்தே இருந்து எதையும் கொணர்வதில்லை. பொருளில் உள்ளவற்றுள் எவற்றைச் சொல்வது, எவற்றை விடுவது, எதனை முதலில் வைப்பது என்னும் தேர்விலேயே அவன் திறம் அடங்கிவிடுகிறது. தேர்வு செம்மையாக இருந்தால் பொருள் தானே ஒளிவிடும். தேர்வு பிழைத்தால் மறைத்துக்கொள்ள மேற்பூச்சு எதுவும் இராது. ஆகவே இது எல்லா அணிகளிலும் எளியது போலத் தோன்றும் அரிய அணி.

பட்டறைக்கு வந்த வழி

மரியான் பிராண்ட் 1893ஆம் ஆண்டு கெம்னிட்ஸ் நகரில் பிறந்தவர். வைமாரின் பழைய கலைப்பள்ளியில் ஓவியமும் சிற்பமும் பயின்றார். 1919இல் நார்வே நாட்டு ஓவியர் எரிக் பிராண்டை மணந்து, சில காலம் அந்நாட்டிலும் பாரிசிலும் வாழ்ந்தார். 1923இல் வைமாரில் பௌஹவுஸ் தன் முதற்பெருங் கண்காட்சியை நடத்தியது. அதன் தாக்கம் அவரிடம் ஆழப் பதிந்தது. அதுவரை வரைந்த ஓவியங்களைத் தீக்கிரையாக்கிவிட்டு, மீண்டும் முதல்நிலை மாணவியாக அப்பள்ளியில் அவர் சேர்ந்தார் என்று வரலாறு எழுதுவோர் கூறுவர்.

வால்ட்டர் குரோப்பியஸ் 1919இல் தொடங்கிய அப்பள்ளி ஆண் பெண் வேற்றுமை பாராட்டுவதில்லை என்று முதலில் அறிவித்திருந்தது. ஆனால் அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. எதிர்பார்த்ததினும் மிகுதியாகப் பெண்கள் வந்து சேரவே, அவர்களைப் பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்கே திருப்பிவிடுவதென ஆசிரியர் குழு 1920இல் தீர்மானித்தது. நூலும் தறியும் பெண்ணுக்கு, சுத்தியலும் உலையும் ஆணுக்கு என்னும் பழைய பங்கீட்டைப் புதுமைக்கென்றே பிறந்த பள்ளியும் விடவில்லை.

இந்நிலையில் உலோகப் பட்டறையைப் பொறுப்பேற்றிருந்த ஹங்கேரியக் கலைஞர் லாஸ்லோ மொஹோலி-நாஜ் பிராண்டின் திறத்தை உணர்ந்து அவரைத் தம் பட்டறைக்கு வரவேற்றார். தொழில்நுட்பம் கற்பித்தவர் கிறிஸ்டியான் டெல் என்னும் தேர்ந்த வெள்ளித் தொழிலாளி. ஆசிரியர்கள் வரவேற்றனரே தவிர உடன்பயின்றோர் வரவேற்கவில்லை. பல்லாண்டுகள் கழித்து இளைய தலைமுறைக்கென எழுதிய கடிதத்தில் பிராண்ட் இதனை நினைவுகூர்கிறார். உலோகப் பட்டறையில் பெண்ணுக்கு இடமில்லை என்பதே அவர்கள் கருத்தாயிருந்ததென்றும், அதனை வாயால் சொல்லாமல் சலிப்பூட்டும் வேலைகளைத் தம் தலையில் கட்டியே உணர்த்தினரென்றும், எத்தனையோ சிறு அரைக்கோளங்களைத் தாம் அடித்துக்கொண்டிருக்க நேர்ந்ததென்றும் அவர் குறிப்பிடுகிறார். அவர் அடித்த உலோகம் வெள்ளி கூட அன்று. நம் வீடுகளில் ஜெர்மன் வெள்ளி என வழங்கும் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. அதில் ஒரு குன்றிமணி வெள்ளியும் இராது. அடிக்கும் கைக்கு எளிதில் இணங்கவும் செய்யாது. பின்னர் எல்லாரும் நல்ல நண்பர்களாகிவிட்டோம் என்றும் அக்கடிதத்தில் அவர் எழுதுகிறார். கசப்பை வளர்க்கும் இயல்பு அவரிடம் இல்லை.

கையின் உழைப்பு

வெள்ளித் தகட்டிலிருந்து கிண்ணம் எழும் முறையை அறிந்தால்தான் இந்நிகழ்ச்சியின் பொருள் முழுதும் விளங்கும். வட்டமாக வெட்டிய தட்டையான தகட்டை இரும்புப் பட்டடைமேல் சாய்த்துவைத்து, சுற்றிச் சுற்றிச் சுத்தியலால் அடிப்பர். ஒவ்வொரு சுற்றிலும் தகட்டின் ஓரம் சிறிதே மேலெழும். அடிக்க அடிக்க உலோகம் இறுகிப்போகும். இறுகிய பின்னும் அடித்தால் வெடிப்பு விழும். எனவே நெருப்பிலிட்டுக் காய்ச்சி, இளக்கி, மீண்டும் அடிக்கவேண்டும். இவ்வாறு பலமுறை நிகழ்ந்த பிறகே தட்டை குழியாகும், குழி கிண்ணமாகும். ஓரிடத்தில் ஓங்கி அடித்துவிட்டால் அங்குத் தகடு மெலியும். விட்டுவிட்டால் மேடு தட்டும். முழுமையான அரைக்கோளத்தைக் கையால் எடுப்பது அவ்வளவு எளிதன்று. பூவேலைப்பாடு மிக்க கிண்ணத்தில் சிறு பிசகு நேர்ந்தால் அதன்மேல் ஓர் இலையைச் செதுக்கி மறைத்துவிடலாம். வெறுமையான வளைவில் மறைவிடம் ஏது? ஒரு கோணல் இருந்தாலும் ஒளி அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பட்டறையில் பிராண்டுக்குத் தண்டனைபோல் கொடுக்கப்பட்ட வேலை அரைக்கோளம் அடிப்பது. அவர் புகழை நிலைநிறுத்திய கெண்டியின் உடலும் அரைக்கோளம். இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்க என் மனம் விழைகிறது. தம்மை விரட்டுவதற்கென்று தரப்பட்ட வடிவத்தையே தம் முத்திரையாக மாற்றிக்கொண்டார் என்று எழுதிவிட்டால் கட்டுரைக்கு அழகாகத்தான் இருக்கும். ஆயினும் திறனாய்வாளன் தன்னைத் தானே தடுத்துக்கொள்ளவேண்டிய இடம் இது. வட்டமும் கோளமும் கனசதுரமும் அக்காலத்தில் அப்பள்ளி முழுவதற்கும் பொதுவான வடிவமொழி. பிராண்ட் மட்டுமே அரைக்கோளத்தைக் கையாளவில்லை. இயல்பாக நிகழ்வதன்மேல் புலவன் தன் குறிப்பை ஏற்றிச் சொன்னால் அது தற்குறிப்பேற்ற அணி. புலவனுக்கு அது பெருமை. திறனாய்வாளன் அவ்வாறு செய்தால் பிழை. ஆகவே உறுதியாகச் சொல்லத்தக்கதை மட்டும் சொல்வேன்: அரைக்கோளம் எப்படி எழும், எங்கே இணங்கும், எங்கே முரண்டுபிடிக்கும் என்பதை அவருடைய கை மிகக் கடினமான வழியில் கற்றிருந்தது. சலிப்பான உழைப்பு கைக்குத் தந்த அறிவு வீண்போகவில்லை.

உழைப்பின் சுவடோ கெண்டியில் இல்லை. சுத்தியற் குழிகளை மேற்பரப்பிலேயே விட்டுவைப்பது அத்தலைமுறைக்கு முற்பட்ட கைவினைஞர் பலரின் வழக்கம். இது கையால் செய்யப்பட்டது என்று அக்குழிகள் பறைசாற்றும். பிராண்டின் கெண்டி எந்திரம் ஈன்றதுபோல் வழவழப்பாக நிற்கிறது. கையின் உழைப்பை மறைப்பதற்குக் கை மேலும் உழைத்திருக்கிறது. இம்மறைப்பில்தான் இக்கெண்டியின் பெருமையும் உண்டு, சிக்கலும் உண்டு.

சமகாலத்தவருடன் ஒப்பிட்டால்

இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் வெள்ளிக்கலை பல திசைகளில் சென்றது. டென்மார்க்கின் கேயோர்க் யென்சன் 1904இல் கோப்பன்ஹேகனில் பட்டறை தொடங்கியவர். அவருடைய கிண்ணங்களில் திராட்சைக் கொத்துகள் தொங்கும். இலையும் மொட்டும் தண்டில் சுருண்டிருக்கும். ஆயினும் அவர் அலங்காரத்தை அள்ளித் தெளித்தவர் அல்லர். கிண்ணத்தின் பரப்பை வெறுமையாக விட்டு, உடலும் காலும் சேரும் இடத்தில் மட்டுமே கொத்தைத் தொங்கவிடும் அடக்கம் அவருடையது. அவருடைய கலையை நல்ல உவமையணி என்பேன். வெள்ளி கொடியைப்போல் வளைகிறது. குண்டுமணி திராட்சையைப்போல் திரள்கிறது.

பாரிசில் ழான் புய்ஃபோர்க்கா மற்றொரு வழியைத் தேர்ந்தார். அவரும் பூக்களைத் துறந்து கோளத்தையும் உருளையையும் கையாண்டார். 1925இல் பாரிசில் நடந்த பெரிய அலங்காரக் கலைக் கண்காட்சியின் காலத்தில் ஓங்கியிருந்த பெயர்களுள் அவருடையது ஒன்று. ஆயினும் அவருடைய கலம் செல்வர் வீட்டு மேசைக்குரியது. அதனை அவரும் மறைத்ததில்லை.

இவ்விருவருக்கும் இல்லாத ஒரு சுமை பிராண்டின் கெண்டிக்கு உண்டு. பௌஹவுஸ் 1923 முதல் ஒரு கொள்கையை உரக்க முழங்கிவந்தது. கலையும் தொழில்நுட்பமும் இணையவேண்டும். பட்டறையில் உருவாகும் பொருள் தொழிற்சாலைக்கு மாதிரியாக அமைந்து, எளிய மக்களின் வீடுகளையும் சென்றடையவேண்டும் என்பதே அது. பணவீக்கத்தால் ஜெர்மானிய மக்கள் வாழ்நாள் சேமிப்பை இழந்து நின்ற ஆண்டும் 1923தான். அடுத்த ஆண்டில் உருவான பொருளை அக்கொள்கையின் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது முறையே.

உரைகல்லில் கெண்டி

முதலில் பயனைக் காண்போம். சூட்டைக் காப்பதற்கு ஏற்ற வடிவம் முழுக்கோளம்; ஏனெனில் ஒரே கொள்ளளவுக்கு மிகக் குறைந்த புறப்பரப்பு உடையது அதுவே. தட்டையாக மூடிய அரைக்கோளத்தின் புறப்பரப்பு, அதே கொள்ளளவுள்ள முழுக்கோளத்தினும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் என்பதைக் கணக்கறிந்த மாணவர் எவரும் போட்டுப் பார்க்கலாம். பாட்டி காலத்துக் குண்டுக் கெண்டி இவ்வகையில் இதனை வென்றுவிடும். செறிந்த சாற்றுடன் பின்னர் வெந்நீர் சேர்க்கப்படுவதால் இக்குறை பெரிதாகத் தோன்றாது என்று வழக்காடலாம். அவ்வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அரைக்கோளம் பயன் கருதியே பிறந்தது என்னும் கூற்று அதனால் நிலைபெற்றுவிடாது. வடிவம் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டது. பயன் அவ்வடிவத்துக்குள் மிகுந்த அறிவுடன் பொருத்தப்பட்டது. விலகி நிற்கும் மூடியும் உயர்ந்த கைப்பிடியும் அவ்வறிவுக்குச் சான்றுகள்.

அடுத்து, தொழிற்சாலைக்கு மாதிரி என்னும் கூற்று. அரைக்கோளத்தை மட்டும் எந்திரத்தால் எளிதில் அழுத்தி எடுத்துவிடலாம். ஆனால் மூக்கை உடலோடு பொருத்தவேண்டும். குறுக்குப் பட்டைகளை வளைந்த அடியில் பற்றவைக்கவேண்டும். கருங்காலியை இழைத்து இணைக்கவேண்டும். பொடிவைத்து ஊதும் பொறுமை எந்திரத்துக்கு ஏது? இக்கெண்டி தொழிற்சாலையைச் சென்றடையவில்லை. பட்டறையில் கையாலேயே செய்யப்பட்ட படிகள் சில மட்டுமே எஞ்சியுள்ளன. சில வெள்ளியாலானவை, சில பித்தளையைச் சார்ந்த மலிவான உலோகத்தாலானவை. இன்று அவை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், இலண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. தனியார் கையிலிருந்த ஒரு படி 2007ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கு ஏலத்தில் மூன்று இலட்சத்து அறுபதாயிரம் அமெரிக்க டாலருக்கு மேல் விலைபோயிற்று. எளியோர் வீட்டை எண்ணிப் புறப்பட்ட கெண்டி, செல்வரும் தயங்கும் விலையை எட்டிவிட்டது.

ஆகவே இக்கெண்டியைத் தொழிற்காலத்தின் குழந்தை என்று எழுதுவோர் அதன்மேல் தம் குறிப்பை ஏற்றுகின்றனர். எந்திரத்தைக் கனவு கண்ட கை செய்த பொருள் இது. எந்திரம் செய்த பொருளன்று. உண்மையில் இதுவும் ஓர் அலங்கார வெள்ளிக் கலந்தான். அலங்காரம் புறத்தே ஒட்டப்படாமல் உருவத்துக்குள்ளேயே கரைந்துவிட்டமையால் நாம் அதனை அலங்காரம் என்று அழைக்கத் தயங்குகிறோம். என் மாணவி வேலைப்பாடு இல்லை என்றாள். வேலைப்பாடு முழுதும் உருவமாகிவிட்டது என்று அன்று நான் சொல்லியிருக்கவேண்டும்.

பேசப்படாத விளக்கு

பிராண்டின் வரலாறு இத்துடன் முடிந்திருந்தால் கொள்கைக்கும் படைப்புக்கும் இடையிலான முரணை மட்டும் சுட்டிவிட்டு நாம் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அம்முரணை உணர்ந்து அடுத்த அடி எடுத்துவைத்தவரும் அவரே. பௌஹவுஸ் 1925இல் டெஸ்ஸாவ் நகருக்கு இடம்பெயர்ந்தது. உலோகப் பட்டறையின் கவனம் வெள்ளிக் கலங்களை விட்டு விளக்குகளின்பால் திரும்பியது. 1928இல் மொஹோலி-நாஜ் பள்ளியை விட்டு நீங்கியபோது, பெண்ணுக்கு இடமில்லை என்று கருதப்பட்ட அப்பட்டறையின் பொறுப்புத் தலைமை பிராண்டின் கைக்கு வந்தது. லைப்சிக் நகரின் கோர்ட்டிங் மத்தீசன் நிறுவனத்துடன் அவர் இணைந்து பணியாற்றினார். ஹின் பிரேடன்டீக்குடன் சேர்ந்து அவர் உருவாக்கிய படுக்கையருகு விளக்கு, கண்டெம் என்னும் வணிகப் பெயரில் பல்லாயிரக்கணக்கில் விற்பனையாயிற்று. மணிபோன்ற கவிகை; வேண்டிய பக்கம் திருப்பக்கூடிய தண்டு; தூக்கக் கலக்கத்தில் தடவினாலும் விரலுக்கு அகப்படும் பொத்தான். பெயர் தெரியாத எத்தனையோ பேர் அவ்விளக்கின் ஒளியில் நூல் படித்துவிட்டு உறங்கியிருப்பர்.

கொள்கையை நிறைவேற்றியது விளக்கு. புகழ் பெற்றது கெண்டி. கலைநூல்களின் அட்டையில் இடம்பெறுவது பெரும்பாலும் வெள்ளிதான். வண்ணம் பூசிய எஃகுத் தகட்டை அங்கு அவ்வளவாகக் காண்பதில்லை. மலிவான பொருள், நிறைய பேரிடம் இருந்த பொருள், பயன்பட்டுத் தேய்ந்துபோன பொருள் ஆகியவற்றை மதிக்க நம் கண் இன்னும் பழகவில்லை. அருமையே பெருமை என்னும் பழைய அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு புதுமைக் கலையை அளக்கிறோம். இலக்கியத்திலும் இந்நோய் உண்டு. அரங்கில் ஒருமுறை கைதட்டல் பெற்ற கவிதையை நினைவில் வைத்திருக்கும் நாம், தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் பாடிப் பழகும் எளிய பாட்டைத் திறனாய்வுக்கு உரியதாகக் கருதுவதில்லை.

அப்படியானால் கெண்டியைத் தாழ்த்தி விளக்கை உயர்த்தவேண்டுமா? என் முடிபு அதுவன்று. கெண்டியில் தேடிக் கண்ட சிக்கனம் இல்லையேல் விளக்கின் எளிமை பிறந்திராது. எதை விட்டுவிடலாம் என்பதை அவர் விலைமிக்க உலோகத்தில் கற்றுக்கொண்டு மலிவான உலோகத்தில் செய்துகாட்டினார். ஓராசிரியரின் இருநூல்களை ஒன்றன் ஒளியில் மற்றொன்றைப் படிப்பதுபோல இவ்விரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும். தனித்துப் படித்தால் கெண்டி வெறும் அருங்காட்சிப் பொருளாகவும் விளக்கு வெறும் கடைச்சரக்காகவும் சுருங்கிவிடும்.

முடிவாக

பிராண்ட் 1929இல் பௌஹவுசை விட்டு நீங்கினார். கோத்தா நகரில் ரூப்பல் என்னும் உலோகப் பொருள் தொழிற்சாலையில் 1932 வரை வடிவமைப்புப் பணி செய்தார். அடுத்த ஆண்டே நாஜிகளின் நெருக்குதலால் பௌஹவுஸ் மூடப்பட்டது. நாற்பது வயதை நெருங்கியிருந்த அவருக்குத் திறத்துக்கேற்ற பணி கிட்டாத நீண்ட காலம் தொடங்கியது. 1935இல் மணவாழ்வும் முறிந்தது. போருக்குப் பின்னர் 1949 முதல் 1954 வரை டிரெஸ்டனிலும் கிழக்குப் பெர்லினிலும் அவர் கற்பித்தார். 1983ஆம் ஆண்டு எண்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார். அவருடைய உலோகக் கலங்களுள் மிகப் புகழ்பெற்றவை அப்பட்டறையில் கழிந்த ஐந்தாறு ஆண்டுகளுக்குள் பிறந்தவை.

இவ்வரலாற்றைப் படிக்கும் எவருக்கும் இரக்கம் தோன்றும். ஆனால் இரக்கத்தைத் திறனாய்வின் தராசில் வைக்கலாகாது. பெண் என்பதற்காகப் புறக்கணித்தது எத்துணைத் தவறோ, பெண் என்பதற்காகச் சலுகை காட்டிப் புகழ்வதும் அத்துணைத் தவறே. இரண்டும் படைப்பைக் காணாமல் படைத்தவரை மட்டுமே காண்கின்றன. பிராண்டின் கெண்டிக்கு எவருடைய சலுகையும் தேவையில்லை. அதன் குறைகளைச் சொல்லலாம்; கொள்கையோடு அது முரண்படும் இடத்தைச் சுட்டலாம். அவ்வளவும் சொன்ன பிறகும், விலகி நிற்கும் அச்சிறு மூடியும் நிமிர்ந்து நிற்கும் கருங்காலி அரைவட்டமும் தம் இடத்தில் அசையாமல் நிற்கும். குறைகூறப்பட்ட பின்னும் குன்றாது நிற்பதன்றோ நல்ல படைப்பு!

தமிழாசிரியர் என்ற முறையில் இதிலிருந்து நான் கற்றது ஒன்றுண்டு. மாணவர் கட்டுரைகளைத் திருத்தும்போது நாம் பெரும்பாலும் உவமையைத் தேடுகிறோம், மரபுத்தொடரைத் தேடுகிறோம், பழமொழியைத் தேடுகிறோம். அவை இருந்தால் மதிப்பெண். இல்லையேல் "நடை வறட்சி" என்று ஓரத்தில் எழுதிவிடுகிறோம். அவ்வறட்சிக்குள் சில வேளைகளில் சொல்லவேண்டியதை மட்டும் தேர்ந்து சொன்ன ஒரு தெளிவு ஒளிந்திருக்கக்கூடும். அதனை அடையாளம் காண நமக்குக் கண் வேண்டும்.

அன்று கேள்வி கேட்ட மாணவி, வகுப்பு முடிந்தபின் அந்நிழற்படத்தை மீண்டும் கேட்டு வாங்கிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்துவிட்டு, "மூடியை ஏன் ஐயா நடுவில் வைக்கவில்லை?" என்று கேட்டாள். பூ எங்கே, கொடி எங்கே என்று தேடியவள் பொருளைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். தன்மையணிப் பாடம் அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது.